மினி கூப்பர் 2001–2013: எந்த இன்ஜினோடு எந்த கியர்பாக்ஸ், எது எங்கே உதைக்கும்?

#1 · சக்கரம்64

வணக்கம். பழைய மினியின் முகத்தோடு பிஎம்டபிள்யூ கொண்டுவந்த மினியில் முதல் இரண்டு தலைமுறையின் இன்ஜின், கியர்பாக்ஸ் பற்றி மட்டும் பேச இந்த இழை. அதாவது 2001 முதல் 2006 வரை வந்த ஆர்50 (சாதாரண கூப்பர்), ஆர்53 (கூப்பர் எஸ்). அதற்குப் பிறகு 2013 வரை வந்த ஆர்56. துரு, சஸ்பென்ஷன், சன்ரூஃப் எல்லாம் வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்டில் மூன்று ஜோடிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 2003 கூப்பர், ஐந்து கியர் மேனுவல். 2005 கூப்பர் எஸ், ஆறு கியர் மேனுவல். 2008 கூப்பர் எஸ், ஆட்டோமேட்டிக். மூன்றுமே 1.6 லிட்டர். ஆனால் உள்ளே இருப்பது ஒரே சாமான் இல்லை என்று தெரிகிறது. எதில் எந்த பாகம் முதலில் போகும், வாங்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும், வாங்கியதும் எதை மாற்ற வேண்டும் என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 · கியர்ராஜா

முதலில் எந்த வண்டியில் எது இருக்கிறது என்று தெளிவாக்கிக்கொள்வோம். இந்தக் குழப்பத்தில்தான் பலரும் தவறான பாகத்தை வாங்குகிறார்கள்.

நீங்கள் சொன்ன 2003, 2005 இரண்டிலும் இருப்பது டிரைடெக் இன்ஜின். கிரைஸ்லரும் பிஎம்டபிள்யூவும் கூட்டாக பிரேசிலில் காம்போ லார்கோவில் தயாரித்தது. 1598 சிசி, வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், ஒற்றை கேம்ஷாஃப்ட், 16 வால்வு, டைமிங் செயின். கூப்பரில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ, சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லாமல் 115 குதிரைத்திறன். கூப்பர் எஸ்ஸில் அதே அடிப்படையோடு ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர்: தொடக்கத்தில் 163, 2004 மாற்றத்துக்குப் பிறகு 170.

2008 வண்டி முற்றிலும் வேறு இனம். பிஎம்டபிள்யூவும் பிஎஸ்ஏவும் (பெஜோ-சிட்ரோயன் குழுமம்) சேர்ந்து செய்த பிரின்ஸ் குடும்பத்து என்14. அலுமினிய பிளாக், இரட்டை கேம்ஷாஃப்ட், ட்வின் ஸ்க்ரோல் டர்போ, நேரடி எரிபொருள் தெளிப்பு, 175 குதிரைத்திறன். 2010 கடைசியில் இதன் இடத்துக்கு என்18 வந்தது, 184 குதிரைத்திறன்.

கியர்பாக்ஸ் கணக்கு இன்னும் சிக்கல். 2004 ஜூலை வரை வந்த சாதாரண கூப்பரில் ரோவர் வழிவந்த மிட்லண்ட்ஸ் ஐந்து கியர். அதற்குப் பிறகு கெட்ராக் ஐந்து கியர். கூப்பர் எஸ் மேனுவல் ஆரம்பத்திலிருந்தே கெட்ராக் ஆறு கியர். ஆட்டோவில், ஆர்50-ல் இசட்எஃப் சிவிடி (படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஆட்டோ). 2005 முதல் ஆர்53-லும் பிறகு ஆர்56-லும் ஐசின் ஆறு கியர்.

ஆக, உங்கள் பட்டியலில் உள்ள 2003 வண்டியில் இருப்பது மிட்லண்ட்ஸ். பட்டியலிலேயே பலவீனமான கியர்பாக்ஸ் அதுதான். இன்ஜினைப் பார்த்தால் நேர் எதிர்: மூன்றில் அதிகம் தொந்தரவு தராதது அந்த 115 குதிரைத்திறன் டிரைடெக்.

#3 · ஸ்பேனர்12

மிட்லண்ட்ஸ் பத்தி நான் சொல்றேன். இதுல ரெண்டு வகையா சாவு வரும்.

ஒண்ணு, கிளட்ச்லேர்ந்து கியர்பாக்ஸுக்குள்ள வர்ற இன்புட் ஷாஃப்டோட பேரிங். எண்ணெய் சரியா போய்ச் சேராம சூடாகி, பேரிங் ஓடுபாதையில குழி விழும். முதல்ல மெல்லிய ஊளை, அப்புறம் ஷாஃப்ட் ஆட்டம், அப்புறம் பல்லு பல்லோட சரியா பொருந்தாம கியர் போகும். அந்த நிலையில திறந்தா பேரிங் மட்டும் மாத்தித் தப்பிக்க முடியாது. ஊளை வந்த உடனே இறக்கினா பேரிங், சீல் செட்டோட முடியும்.

ரெண்டாவது, ரெண்டு வீலையும் வேற வேற வேகத்துல சுத்தவிடுற டிஃபரன்ஷியலோட பின். உள்ளே சின்ன பல்சக்கரங்களைத் தாங்கி நிக்கிற குறுக்குக் கம்பி அது. ஈரச் சாலையிலயோ மணல்லயோ ஒரு வீல் மட்டும் வெறுமனே சுத்துறப்போ சின்ன பல்சக்கரம் அந்தப் பின் மேல அதிவேகமா சுத்தும். எண்ணெய்ப் படலம் அறுந்து பின் தேய்ஞ்சு இடம்விட்டு நகரும். நகர்ந்த பின் சுத்திக்கிட்டே கேஸ்ல அடிச்சா அலுமினியம் ஓட்டை. எண்ணெய் மொத்தமும் ரோட்டுல. அதனால மிட்லண்ட்ஸ் இருக்கிற வண்டியில வீல் வழுக்கவிட்டு விளையாடாதீங்க, சேத்துல மாட்டினா மிதிக்காதீங்க. தள்ளி எடுங்க.

#4 · சக்கரம்64

நன்றி அண்ணா. ஊளை சத்தம் என்றால் ஓட்டிப் பார்க்கும்போது எப்படிப் பிரித்து அறிவது? கியர்பாக்ஸா, வீல் பேரிங்கா, கிளட்ச் ரிலீஸ் பேரிங்கா? எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்கும்போலத் தெரிகிறது.

#5 · ஸ்பேனர்12

வண்டியை நிறுத்தியே பாதி கண்டுபிடிச்சிடலாம். இன்ஜின் ஓடட்டும், நியூட்ரல், கிளட்சை முழுசா விட்டிருங்க. இப்ப இன்புட் ஷாஃப்ட் இன்ஜினோட சேர்ந்து சுத்துது. ஏசி, ரேடியோ எல்லாத்தையும் அணைச்சிட்டு காது குடுங்க. கரகரன்னோ உய்ங்குனோ ஒரு சத்தம் இருக்கா? மெதுவா கிளட்சை அடிவரைக்கும் அமுக்குங்க. ஷாஃப்ட் நின்னுடும். அதோட சத்தமும் அடங்கிட்டா இன்புட் ஷாஃப்ட் பேரிங். தலைகீழா, விட்டிருக்கிறப்போ அமைதி, அமுக்கினா சத்தம்னா ரிலீஸ் பேரிங்.

அடுத்து ஓட்டம். 60 கி.மீ. வேகத்துல நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிடுங்க, ரோடு காலியா இருக்கணும். இன்ஜின் வேகம் விழுந்த பிறகும் சத்தம் வண்டி வேகத்தோடயே வந்தா அது டிஃபரன்ஷியல் பேரிங் இல்லேன்னா வீல் பேரிங். மெதுவா இடது வலதுன்னு வளைச்சுப் பாருங்க. வளைக்கிறப்போ சத்தம் ஏறி இறங்கினா வீல் பேரிங். எந்தப் பக்கம் வளைச்சாலும் மாறலேன்னா சந்தேகம் டிஃபரன்ஷியல் பக்கம் போகுது.

ஒரே ஒரு கியர்ல மட்டும் ஊளை வந்தா அந்த கியரோட பல்லு. கியர்லிவர் மேல கையை லேசா வெச்சுக்கிட்டு ஆக்சிலரேட்டரைக் குடுத்து விடுங்க. லிவர் முன்னும் பின்னும் துள்ளினா உடனே கியர்பாக்ஸ்னு முடிவு பண்ணாதீங்க. முதல்ல டைமிங் செயின் பக்கம் இருக்கிற மேல் இன்ஜின் மவுண்டைப் பாருங்க. அதுக்குள்ள திரவம் இருக்கும். கிழிஞ்சா கருப்பா வழிஞ்சு கீழே கறை பிடிச்சிருக்கும். மவுண்ட் நல்லா இருந்தும் துள்ளினாதான் ஷாஃப்ட் ஆட்டம்.

#6 · எண்ணெய்த்துளி

இந்த மூன்று வண்டிக்கும் பொதுவான ஒன்றைச் சொல்ல வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெய் வண்டியின் ஆயுள் முழுவதுக்கும் போதும் என்று பராமரிப்பு அட்டவணையில் போட்டதுதான் இவற்றின் முதல் எதிரி. மாற்றும் கிலோமீட்டர் குறிப்பிடாததால் யாரும் பிளக்கைத் தொடுவதே இல்லை. இருபது வயது வண்டியில் தொழிற்சாலையில் ஊற்றிய அதே எண்ணெய் இன்னும் இருக்கலாம். அதுவும் முழு அளவு இருக்குமா என்றால், அச்சு சீல் கசிந்திருந்தால் அதுவும் இராது.

1959-ல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த முதல் மினியில் கியர்பாக்ஸ் இன்ஜினுக்குக் கீழே எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே இருந்தது. இரண்டுக்கும் ஒரே எண்ணெய். கியர் பல் அரைத்து எண்ணெய் சீக்கிரம் மெலியும் என்பது குறைதான். ஆனால் இன்ஜின் ஆயில் மாற்றும்போதெல்லாம் கியர்பாக்ஸுக்கும் புது எண்ணெய் கிடைத்துவிடும். புது மினியில் இரண்டும் தனித்தனி. சொல்லி மாற்றவில்லை என்றால் கியர்பாக்ஸ் எண்ணெய் மாறவே மாறாது.

மேனுவலில் மாற்றுவது ஒரு மணி நேர வேலை. 15 கி.மீ. ஓட்டி எண்ணெயை வெதுவெதுப்பாக்குங்கள். வண்டியை நான்கு பக்கமும் சமமாகத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன்பக்கம் மட்டும் தூக்கினால் அளவு தப்பும். முதலில் நிரப்பும் பிளக்கைத் திறங்கள். இதில் பலர் தவறுகிறார்கள்: வடிகால் பிளக்கை முதலில் திறந்து எண்ணெயைக் கொட்டிவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்து அசையாமல் இருந்தால் வண்டி அங்கேயே நிற்கும். மேல் பிளக் கழன்றது உறுதியான பிறகே கீழ் பிளக்.

வடிந்ததை அளவு குறித்த பாத்திரத்தில் பிடியுங்கள். கூப்பர் எஸ் ஆறு கியருக்கு ஏறக்குறைய 1.7 லிட்டர் வர வேண்டும். 1.2 வந்தால் மீதி எங்கோ போயிருக்கிறது. அச்சு சீல் இரண்டையும், கிளட்ச் கூட்டின் அடியில் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வடிந்த எண்ணெயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிற மைபோல் பசை இருந்தால் வயதுக்கேற்ற தேய்மானம். மஞ்சள் மினுமினுப்பு மிதந்தால் சிங்க்ரோனைசர் வளையம் தேய்கிறது. விரலில் குத்தும் ஊசித் துண்டு வந்தால் பேரிங்கோ பல்லோ உடைகிறது. அப்போது எண்ணெய் மாற்றுவதோடு நிறுத்தக் கூடாது.

புது எண்ணெய் 75டபிள்யூ-80, ஜிஎல்-4 தரம். ஜிஎல்-5 உயர்ந்தது என்று நினைத்து ஊற்றாதீர்கள். அதில் கந்தகச் சேர்மானம் அதிகம், செம்புக் கலவை வளையங்களை அரிக்கும். தவிர அது வழுக்கல் அதிகம் உள்ளது. சிங்க்ரோனைசர் உராய்ந்துதான் வேகத்தைச் சமப்படுத்துகிறது, உராய்வு குறைந்தால் கியர் விழும்போது கர்ரென்று அரைக்கும். கைப் பம்பால் நிரப்பி, மேல் துளையின் கீழ் விளிம்பில் நூலாக வழியத் தொடங்கும்போது நிறுத்துங்கள். இரண்டு பிளக்குக்கும் புது வாஷர்.

#7 · பல்சக்கரம்

எண்ணெய்த்துளி சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன், பாதிக்கு இல்லை. கெட்ராக், ஐசின் இரண்டுக்கும் எண்ணெய் மாற்றினால் ஆயுள் நிச்சயம் நீளும். மிட்லண்ட்ஸில் பிரச்சினையின் வேர் வேறு. அந்த கியர்பாக்ஸ் சிறிய இன்ஜின்களின் முறுக்கு விசைக்காக உருவானது. 149 நியூட்டன் மீட்டர் தரும் டிரைடெக்கை அதன் மேல் மாட்டினார்கள். எண்ணெய் போகும் வழியும் போதாது. புது எண்ணெய் ஊற்றினால் தள்ளிப்போகும், நிற்காது. 2004 நடுவில் தயாரிப்பாளரே அதைக் கைவிட்டு கெட்ராக்குக்கு மாறியதைப் பாருங்கள்.

வாங்க வருபவருக்கு எண்ணெய் மாற்றினால் போதும் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. ஊளை வந்த மிட்லண்ட்ஸை எண்ணெய் மாற்றி யாரும் காப்பாற்ற முடியாது.

#8 · எண்ணெய்த்துளி

ஏற்றுக்கொள்கிறேன். சத்தம் வந்த பிறகு எண்ணெய் மருந்தாகாது. நான் சொன்னது சத்தம் வராத கியர்பாக்ஸுக்கு. அளவு குறைந்து ஓடும் மிட்லண்ட்ஸ், அளவு சரியாக உள்ளதைவிட முன்னதாகப் போகும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது. 2003 வண்டி வாங்குகிறவர் முதல் நாளே அளவையாவது பார்க்கட்டும்.

#9 · கியர்ராஜா

2005 கூப்பர் எஸ்ஸுக்கு வருவோம். இதில் கியர்பாக்ஸ் உறுதியானது. கவனிக்க வேண்டியது சூப்பர்சார்ஜர்.

எம்45-ல் இரண்டு பக்கமும் தனித்தனி எண்ணெய் அறை உண்டு. ஒன்று புல்லி பக்கம். மற்றது தண்ணீர் பம்பைச் சுழற்றும் பல்சக்கரம் உள்ள பக்கம். இந்த இன்ஜினில் தண்ணீர் பம்ப்புக்கு என்று தனி பெல்ட் கிடையாது. சூப்பர்சார்ஜரின் வால் முனைதான் அதைச் சுழற்றுகிறது. இன்ஜின் ஆயிலுக்கும் இந்த அறைகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, வெளியிலிருந்து அளவு பார்க்கக் கம்பியும் இல்லை. பம்ப் பக்க அறையில் எண்ணெய் வற்றினால் பல் தேய்ந்து மழுங்கும். ஒருநாள் பம்ப் நின்றுவிடும்.

அப்போது என்ன நடக்கும் என்பதைக் கவனியுங்கள். பெல்ட் ஓடும், சூப்பர்சார்ஜர் வழக்கம்போல் விசில் அடிக்கும், கூலன்ட் டேங்க்கில் அளவு சரியாக இருக்கும். ஆனால் வெப்பமானி ஏறும், ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வரும். இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டி ஹெட் கேஸ்கெட்டையும் இழக்கிறார்கள்.

இரண்டு அறைக்கும் எண்ணெய் மாற்ற சூப்பர்சார்ஜரைக் கழற்றியே ஆக வேண்டும். முன் பம்பரை எடுத்து, ரேடியேட்டரையும் ஏசி கண்டென்சரையும் தாங்கும் முன்சட்டத்தை நீளமான போல்ட்டுகளில் முன்னால் இழுத்து நிறுத்தலாம்; ஏசி வாயுவை வெளியேற்றத் தேவையில்லை. கழற்றிய பின் பழைய எண்ணெயைச் சாய்த்து முழுவதும் வடியவிட்டு, சூப்பர்சார்ஜருக்கென்று விற்கும் எண்ணெயை மட்டும் நிரப்புங்கள். இன்ஜின் ஆயில் கூடாது. அந்த வேகத்தில் நுரைத்துவிடும். அவ்வளவு தூரம் கழற்றிய பிறகு தண்ணீர் பம்ப், அதன் ஓ-ரிங்குகள், தெர்மோஸ்டாட் வீடு, கிராங்க் சென்சாரின் ஓ-ரிங் இவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பாகத்தின் விலையைவிட அங்கே போய்ச் சேரும் உழைப்புதான் அதிகம். 1,50,000 கி.மீ. ஓடியும் இந்த வேலை நடந்த ரசீது இல்லை என்றால், நடக்கவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

#10 · ஸ்பேனர்12

கூட ரெண்டு. கிராங்க் புல்லி ரெண்டு வளையமா இருக்கும், நடுவுல ரப்பர். வயசான ரப்பர் விட்டுப்போனா வெளி வளையம் தள்ளாடும். இன்ஜின் ஐடில்ல ஓடுறப்போ வலது முன் வீல் வளைவு லைனரை விலக்கிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. புல்லி விளிம்பு ஒரே கோட்டுல சுத்தணும், எட்டு போட்டா முடிஞ்சது. ஆல்டர்னேட்டர், ஏசி, சூப்பர்சார்ஜர் எல்லாம் ஒரே பெல்ட்ல ஓடுது. பெல்ட் தெறிச்சா தண்ணீர் பம்பும் சேர்ந்து நிக்கும், அதனால பெல்ட் போன வண்டியை ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீங்க.

பெல்ட் டென்ஷனரோட டேம்பர் எண்ணெய் கசிஞ்சிருந்தா அதையும் மாத்தணும். டேம்பர் செத்தா டென்ஷனர் துள்ளும், பெல்ட் ஓரம் பிரியும்.

#11 · சக்கரம்64

2005 வண்டியில் 15 சதவீதம் சிறிய சூப்பர்சார்ஜர் புல்லி போட்டிருக்கிறது என்று சொல்கிறார்கள். அது நல்லதா கெட்டதா?

#12 · பல்சக்கரம்

கணக்காகப் பாருங்கள். புல்லி விட்டம் 15 சதவீதம் குறைந்தால் வேகம் 15 சதவீதம் கூடாது. 1-ஐ 0.85-ஆல் வகுத்தால் 1.176. ரோட்டர் 17.6 சதவீதம் வேகமாகச் சுழல்கிறது. முன்பு 12,000 சுற்று போன இடத்தில் இப்போது 14,100. ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜரில் வேகம் ஏற ஏற காற்று அதிகம் சூடாகும். அந்தக் காற்றைக் குளிர்விக்க மேலே படுத்திருக்கும் இன்டர்கூலர் பானட் துவாரக் காற்றை நம்பி இருக்கிறது. போக்குவரத்து நெரிசலில் அதற்குக் காற்றே இல்லை. சூடான காற்று உள்ளே போனால் இன்ஜின் கணினி இக்னிஷனைப் பின்தள்ளும், கூடிய சக்தியில் ஒரு பங்கு அங்கேயே கரையும்.

ஒழுங்காகச் செய்திருந்தால் பயப்பட வேண்டாம். சற்றுக் குட்டையான பெல்ட் போட்டிருக்க வேண்டும். பழைய நீளத்திலேயே ஓட்டினால் டென்ஷனர் கடைசி எல்லையில் தொங்கிக்கொண்டு வழுக்கும். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகையாக இருக்க வேண்டும். புல்லி மாற்றத்தோடு சூப்பர்சார்ஜர் எண்ணெயும் மாறியிருக்க வேண்டும். மூன்றையும் கேளுங்கள். பதில் தடுமாறினால் பழைய அளவு புல்லிக்குத் திரும்பும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். கிளட்சையும் சோதியுங்கள்: நான்காம் கியரில் 2,500 சுற்றிலிருந்து முழு மிதி மிதித்தால், வேகம் ஏறாமல் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது.

#13 · கியர்ராஜா

கிளட்ச் என்றதும் ஒன்று. கூப்பர் எஸ்ஸில் இரட்டை நிறை ஃப்ளைவீல், அதாவது நடுவே ஸ்பிரிங் வைத்த இரண்டு துண்டு ஃப்ளைவீல். ஐடிலில் தடதடவென்று அடித்து, கிளட்சை அமுக்கும்போதும் இன்ஜினை அணைக்கும்போதும் கடகடவென்றால் அதன் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. மலிவு என்று ஒற்றை நிறை ஃப்ளைவீல் போடுவோர் உண்டு. அது உடையாது, உண்மை. ஆனால் இன்ஜின் அதிர்வு நேராக கியர்பாக்ஸுக்குப் போகும், நியூட்ரலில் பல் உதறும் சத்தம் நிரந்தரமாகிவிடும். அந்தச் சத்தம் கேட்டு நல்ல கியர்பாக்ஸை இறக்கிவிடாதீர்கள். முதலில் எந்த ஃப்ளைவீல் இருக்கிறது என்று கேளுங்கள். கிளட்ச் வேலைக்கு முன் சப்ஃபிரேம் இறங்க வேண்டும் என்பதால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃபோர்க், கிராங்க் பின் சீல் எல்லாம் ஒரே தடவையில். ஃப்ளைவீல் போல்ட்டுகளைப் பழையதை மறுபடி போடக் கூடாது.

#14 · பல்சக்கரம்

2008 என்14. ஓட்டுவதற்கு மூன்றிலும் இனிமையானது இதுதான்: 1,600 சுற்றிலேயே 240 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். பராமரிப்பில் கண்டிப்பானதும் இதுதான்.

மொத்தம் 4.2 லிட்டர் இன்ஜின் ஆயில். அளவுகோலின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். இந்த இன்ஜின் எண்ணெய் குடிக்கும் பழக்கம் உள்ளது. கீழ்க் கோட்டுக்குப் போனால் நான்கில் ஒரு பங்கு காணோம். மீதி 3.2 லிட்டர் டர்போவையும் குளிர்விக்க வேண்டும், செயினையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். டைமிங் செயின் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தில் நிற்பது. அழுத்தம் குறைந்தால் செயின் தளர்ந்து வழிகாட்டிப் பட்டையில் அடிக்கும். அந்தப் பட்டை பிளாஸ்டிக், அடி வாங்கி உடையும். உடைந்த துண்டு தொட்டிக்குள் விழும். செயின் ஒரு பல் தாண்டினால் பிஸ்டனும் வால்வும் மோதும். தொடக்கம் எண்ணெய் அளவு, முடிவு புது ஹெட்.

சோதனை: வண்டி இரவு முழுக்க நின்றிருக்க வேண்டும். விற்பவர் நீங்கள் வரும் முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் அன்று பார்க்காதீர்கள், மறுநாள் வாருங்கள். பானட்டைத் திறந்து செயின் பக்கம் நின்று கேளுங்கள். குளிர்ந்த நிலையில் பானைக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல் சில விநாடி அடித்து நின்றால் டென்ஷனர் போகிறது. சூடான பிறகும் அடித்தால் பட்டை உடைந்திருக்க வாய்ப்பு. டென்ஷனர் வெளியிலிருந்தே 27 மி.மீ. சாக்கெட்டில் கழலும், புது வாஷரோடு மாற்றிவிடலாம். ஆனால் மாற்றும் முன் வால்வு மூடியைத் திறந்து மேல் பட்டையைக் கண்ணால் பாருங்கள். உடைந்த பட்டைக்கு மேல் புது டென்ஷனர் போட்டால் சத்தம் மட்டும் சில நாள் மறையும்.

#15 · ஸ்பேனர்12

என்14, என்12 (சாதாரண ஆர்56 கூப்பரோட டர்போ இல்லாத இன்ஜின்) எது கையில எடுத்தாலும் இதை மறக்காதீங்க. கிராங்க்ல செயின் பல்சக்கரம் நழுவாம பிடிக்கிற சாவித் துண்டு கிடையாது. நடு போல்ட்டோட இறுக்கம் ஒண்ணுதான் அதைப் பிடிச்சிருக்கு. கிராங்க் புல்லி மாத்தணும்னா சுத்தி இருக்கிற மூணு சின்ன போல்ட்டை மட்டும் கழட்டுங்க. நடு போல்ட்டைத் தளர்த்தினா டைமிங் போச்சு. கேம்ஷாஃப்ட் பூட்டு, ஃப்ளைவீல் பூட்டுப் பின் ரெண்டும் போடாம அந்த போல்ட்ல சாக்கெட்டே வைக்கக் கூடாது.

தண்ணீர் பம்பும் இதுல வேற மாதிரி. ஒரு ரப்பர் உராய்வு சக்கரம் கிராங்க் புல்லிக்கும் பம்ப் புல்லிக்கும் நடுவுல அழுந்தி பம்பைச் சுத்துது. மேலேயிருந்து எண்ணெய் கசிஞ்சு அதுல பட்டா ரப்பர் ஊதி வழுக்கும். அதனால ஆயில் ஃபில்டர் வீட்டு கேஸ்கெட் கசிவைச் சின்னதுன்னு விடாதீங்க, அது கூலிங் பிரச்சினையா மாறும்.

#16 · எண்ணெய்த்துளி

கரி படிவதையும் சொல்லிவிடலாம். பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படுவதால் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை. கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவி சூடான வால்வில் ஒட்டிக் கருகுகிறது. குளிர்ந்த ஸ்டார்ட்டில் நடுக்கம், ஐடிலில் மிஸ்ஃபயர், மேல் சுற்றில் மூச்சுத் திணறல். பெட்ரோலில் கலக்கும் எந்தத் திரவமும் அங்கே போய்ச் சேராது, அதனால் பயன் இல்லை.

வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்து எடுப்பதுதான் வழி. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, சுத்தம் செய்யும் சிலிண்டரின் இரண்டு இன்டேக் வால்வும் முழுவதும் மூடியிருக்கும்படி கிராங்கைத் திருப்புங்கள். இன்ஜின் ஓடும் திசையில் மட்டும். எதிர்த்திசையில் திருப்பினால் டென்ஷனர் உள்ளே போய்ச் செயின் தளரும். மற்ற துளைகளைத் துணியால் அல்ல, முழுதும் அடைக்கும் மூடியால் அடையுங்கள். தூள் அடித்து, உறிஞ்சி, விளக்கடித்து, வால்வுத் தண்டின் அடிவரை உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு அடுத்த சிலிண்டர். தண்டைச் சுற்றிய குழியில் ஒரு சிட்டிகை தூள் தங்கினாலும் அது நேராகச் சிலிண்டருக்குள் போகும், அதனால் கடைசியில் காற்றடித்து மீண்டும் உறிஞ்சுங்கள்.

#17 · சக்கரம்64

ஆட்டோமேட்டிக் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2008-ல் இருப்பது ஐசின் என்று புரிகிறது. 2003-க்கு சிவிடியும் கிடைக்கிறது, அதைப் பார்க்கலாமா?

#18 · கியர்ராஜா

சிவிடி வேண்டாம். காரணம் சொல்கிறேன். அதில் இரண்டு கூம்புப் புல்லிகளுக்கு இடையே நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் தகடுகளைக் கோத்த பெல்ட் ஓடுகிறது. தகடு தகட்டைத் தள்ளி விசையைக் கடத்துகிறது. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே பிடிப்பைத் தருவதே எண்ணெய்தான். எண்ணெய் பழசானால் பெல்ட் நுண்ணளவில் வழுக்கி, புல்லி முகத்தில் கோடு விழும். கோடு விழுந்த புல்லி அடுத்த பெல்ட்டையும் தின்னும். டார்க் கன்வெர்ட்டர் கிடையாது, எண்ணெயில் மூழ்கிய கிளட்ச்தான் வண்டியைக் கிளப்புகிறது. அது தேய்ந்தால் கிளம்பும்போது குதிரைபோல் உதறும். சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஊற்றிய சிவிடி நீடிக்காது. புதிய புல்லி, பெல்ட் கிடைப்பதும் கஷ்டம். இவ்வளவும் தெரிந்து பராமரித்தவரிடமிருந்து என்றால் மட்டும் யோசிக்கலாம்.

ஐசின் நல்ல கியர்பாக்ஸ். அதைக் கொல்வது சூடும் பழைய எண்ணெயும். 60,000 கி.மீ.க்கு ஒரு முறை வடித்து நிரப்புங்கள். ஒரு முறை வடித்தால் ஏறக்குறைய பாதிதான் வரும், மீதி டார்க் கன்வெர்ட்டரிலும், எண்ணெயைத் திருப்பிவிட்டு கியர் மாற்றும் வால்வு பாடியிலும் தங்கும். ஒரு வாரம் இடைவெளிவிட்டு மூன்று முறை செய்தால் பழையது எட்டில் ஒரு பங்காகிவிடும். இதுவரை மாற்றவே மாற்றாத கியர்பாக்ஸில் இயந்திரத்தால் அழுத்தம் கொடுத்து அலசாதீர்கள். அடியில் படிந்த கசடு கிளம்பி வால்வு பாடியின் நுண்வழிகளை அடைக்கும்.

வடிக்கும்போது ஒரு பொறி உண்டு. வடிகால் பிளக்குக்கு உள்ளே அளவு பார்க்கும் நிலைக்குழாய் ஒன்று நிற்கிறது. பிளக்கை மட்டும் கழற்றினால் ஒரு கோப்பை எண்ணெய் வந்து நின்றுவிடும். எல்லாம் வடிந்தது என்று எண்ணி மேலே முழு அளவும் ஊற்றினால் அளவு மிஞ்சி, நுரைத்து, கியர் வழுக்கும். உள்ளே ஆலன் சாவியை விட்டு அந்தக் குழாயையும் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டிய பின் இன்ஜினை ஓடவிட்டு, எல்லா கியரிலும் சில விநாடி நிறுத்தி, கையேட்டில் உள்ள வெப்பநிலை வரம்பில் பிளக்கைத் திறந்து, சொட்டாகக் குறையும்போது மூடுங்கள். கருவியில் வெப்பநிலை பார்க்காமல் கை வைத்துச் சூட்டைக் கணிக்காதீர்கள்.

#19 · சக்கரம்64

புரிந்தது. 2003-ஐ விட்டுவிடுகிறேன். 2005 எஸ், 2008 எஸ் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால்?

#20 · பல்சக்கரம்

2005 மேனுவல். டிரைடெக்கில் போகிற பாகங்கள் எல்லாம் வெளியில் இருக்கின்றன: சூப்பர்சார்ஜர், பம்ப், புல்லி, டென்ஷனர். ஒருமுறை செய்தால் நீண்ட காலம் நிம்மதி. என்14-ல் போவது இன்ஜினுக்குள். டர்போதான் வேண்டும் என்றால் 2008-ஐ விட்டு, 2011 மாடலிலிருந்து வந்த என்18-ஐத் தேடுங்கள்; கரி படிவது அதிலும் உண்டு, மற்றவை பெரிதும் திருத்தப்பட்டன.

#21 · ஸ்பேனர்12

நானும் அதேதான் சொல்வேன். 2005-ஐப் பார்க்கப் போறப்போ டார்ச், கண்ணாடி, கையுறை எடுத்துட்டுப் போங்க. கூலன்ட் டேங்க் நடுத் தையல்ல வெள்ளையா உப்புப் படிஞ்சிருக்கான்னு பாருங்க, அது பிளவோட தடம். குறைஞ்ச மிதியில நிதானமா ஓட்டுறப்போ வண்டி முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடினா சூப்பர்சார்ஜர் பைபாஸ் வால்வு ஒட்டுது. அதுக்காக வண்டியை விட வேணாம், வால்வு தனியா மாறும். வந்து என்ன பார்த்தீங்கன்னு இங்கேயே எழுதுங்க, வடிச்ச கியர்பாக்ஸ் எண்ணெயோட போட்டோவும் வேணும்.